உதிர்ந்துபோன ‘கள்’

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஒரு செய்தி சேனலில் பழைய படங்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. ‘கர்ணன்’ பாடல்களைப் போட்டு, கீழே ‘இசை: எம்.எஸ்.விஸ்வநாதன்’ என்று மட்டும் காட்டினார்கள். டி.கே.ராமமூர்த்தி பெயரே இல்லை. மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை. வீட்டிலோ, “சினிமா விஷயம்தானே, விடுங்க” என்கிறார்கள். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

இல்லை. இதில் உங்களுக்கு இருக்கும் வருத்தம் எனக்கும் உண்டு.

‘பணம்’ (1952) தொடங்கி ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) வரை இருவரும் சேர்ந்துதான் இசையமைத்தார்கள். ‘பாவ மன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘காதலிக்க நேரமில்லை’, நீங்கள் சொல்லும் ‘கர்ணன்’ எல்லாமே அந்தப் பதின்மூன்று வருடத்துக்குள் வந்தவை. 1963-ல் கிடைத்த பட்டமும் ‘மெல்லிசை மன்னர்கள்’தான். பிரிந்த பிறகு விஸ்வநாதன் நூற்றுக்கணக்கான படங்கள் செய்தார். ராமமூர்த்தி தனியாகச் செய்தவை சொற்பம். அதனால் ஜனங்களின் நினைவில் ஒரு பெயர்தான் நின்றது, பட்டத்திலிருந்த ‘கள்’ உதிர்ந்துவிட்டது. ரசிகர்கள் அப்படிச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். செய்தி சேனலும் ஞாபகத்தை நம்பி எழுதலாமா?

இன்னொரு விதமான தவறும் உண்டு. ஞாபகத்தைக்கூட நம்பாமல், இணையத்தில் கிடைத்ததை அப்படியே எடுத்துப் போடுவது. ரோனி ஹேசல்ஹர்ஸ்ட் என்று ஒரு பிரிட்டிஷ் இசையமைப்பாளர். பிபிசியின் நகைச்சுவைத் தொடர்கள் பலவற்றுக்கு முகப்பு இசை அவருடையது. ‘யெஸ் மினிஸ்டர்’ தொடருக்கு லண்டன் பிக் பென் மணியோசையை ஒட்டி அவர் போட்ட இசை அவ்வளவு பொருத்தமாக இருக்கும். அவர் 2007 அக்டோபரில் இறந்தார். ‘எஸ் கிளப் 7’ என்ற பாப் குழுவின் ‘ரீச்’ பாடலை அவர் சேர்ந்து எழுதியதாக விக்கிபீடியாவில் யாரோ விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள். பிபிசி, கார்டியன் உட்பட பெரிய நிறுவனங்கள் அதை அஞ்சலிக் குறிப்புகளில் எழுதிவிட்டன. அவர் வருடக்கணக்கில் வேலை பார்த்த பிபிசியே! அந்தப் பாட்டை உண்மையில் எழுதியவர்கள் கேத்தி டென்னிஸும் ஆண்ட்ரூ டாடும்.

மரணச் செய்தி வந்ததும் அரை மணி நேரத்துக்குள் எழுதித் தர வேண்டிய நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு அமைச்சரின் இலாகாவைத் தப்பாகப் போட்டால் மறுநாளே திருத்தம் வருகிறது. இசையமைப்பாளர் பெயர் விட்டுப்போனால் யாரும் கண்டுகொள்வதில்லை. ‘சினிமா விஷயம்தானே’ என்று உங்கள் வீட்டில் சொன்ன அதே வார்த்தையைத்தான் செய்தி அறையிலும் சொல்கிறார்கள். அப்புறம் அந்தத் தவறான செய்தியே அடுத்தவருக்கு ஆதாரமாகிவிடுகிறது. ‘டிவியிலேயே சொன்னார்களே’ என்று கல்லூரிப் பையன் கட்டுரையில் எழுதுவான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

நஷ்டம் யாருக்கு என்று கேட்டால், ராமமூர்த்திக்குத்தான். திருச்சியில் பிறந்த வயலின் கலைஞர் அவர். 2013-ல் காலமானார். தன் பெயர் விட்டுப்போனது என்று எழுந்து சொல்ல அவர் இப்போது இல்லை. அவருக்காகக் கேட்க உங்களைப் போன்ற ரசிகர்கள்தான் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும், சரிபார்க்க ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. படத்தை எடுத்து டைட்டில் கார்டைப் பார்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை. ‘விஸ்வநாதன் – ராமமூர்த்தி’ என்று பெரிய எழுத்தில் வருகிறது.

அதனால் சேனலுக்கு இன்னொரு தடவை எழுதுங்கள். இந்த முறை அந்த டைட்டில் கார்டைப் படமெடுத்து இணைத்துவிடுங்கள். நிகழ்ச்சி ஒளிபரப்பான தேதியையும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள், நானும் எழுதுகிறேன்.