தேசிய ஆய்வு நிறுவனங்கள் நாட்டளவிலான சிக்கல்களை எப்படிக் கையாள்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன்: ஆஸ்திரேலியாவின் தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நடத்திய சாணிவண்டுத் திட்டம். சாணிவண்டு என்றால் சாணத்தைத் தின்று, மண்ணுக்குள் புதைக்கும் வண்டு.

1788இல் ஆங்கிலேயர்களோடு மாடுகளும் அங்கே போய் இறங்கின. கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகிய உள்ளூர் வண்டுகளால் ஈரமான மாட்டுச் சாணத்தைச் சமாளிக்க முடியவில்லை. சாணம் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. அடியில் புல் செத்தது, மேலே ஈ பெருகியது. ஹங்கேரியில் பிறந்த பூச்சியியலாளர் ஜார்ஜ் போர்னமிசா, வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவரலாம் என்றார்.

யோசனை சுலபம், செய்வதுதான் கஷ்டம். வண்டோடு கால்நடை நோயும் வந்துவிடக் கூடாதே! அதனால் தென்னாப்பிரிக்காவில் முட்டைகளை மட்டும் எடுத்து, கிருமிநீக்கம் செய்து அனுப்பினார்கள். கான்பெராவில் கையால் உருட்டிய சாண உருண்டைக்குள் அந்த முட்டைகளை வைத்துப் பொரிக்கவிட்டார்கள். 1968 முதல் மேய்ச்சல் நிலங்களில் வண்டுகளை விட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் நிலைத்துவிட்டன. பல இடங்களில் ஈத்தொல்லை குறைந்தது.

ஒருவர் நிலத்தில் விட்ட வண்டு பக்கத்து நிலத்துக்கும் பறந்துவிடும். இதில் தனியார் யார் பணம் போடுவார்கள்? அதுவும் பல ஆண்டுகளுக்கு! பொது நிறுவனத்தின் தேவை இங்கேதான். வசந்த காலத்தில் வேலைசெய்யும் வண்டுகள் போதவில்லை என்று 2010களில் பிரான்சிலிருந்து மறுபடியும் கொண்டுவந்தார்கள்.