பக்கவாதம், பாரிசவாதம், முடக்குவாதம்: மூன்றும் ஒரே நோயா? கிளினிக்கில் எந்தச் சொல்லைச் சொல்வது?

முதல் இரண்டும் ஒன்றேதான். மூன்றாவதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அதில்தான் சிக்கல்.

பாரிசம் என்றாலும் பக்கம் என்றுதான் பொருள்; வடமொழிப் 'பார்சுவம்' தமிழில் அப்படித் திரிந்தது. பாரிசவாதம், பாரிசவாயு, பக்கவாதம் என்று எப்படிச் சொன்னாலும் உடம்பின் ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலிழப்பதையே குறிக்கும். இலங்கைத் தமிழரிடம் பாரிசவாதம் அதிகம் புழங்கும். கோலாலம்பூர், பினாங்கில் பக்கவாதம் என்றால் எல்லாருக்கும் புரியும்.

இந்த 'வாதம்' பிடிவாதத்தில் வரும் வாதம் அல்ல. அது பேச்சு, இது காற்று. வடமொழியில் இரண்டுக்கும் எழுத்து வேறு. தமிழில் ஒரே 'த' என்பதால் ஒன்றுபோலத் தெரிகிறது. சித்த மருத்துவம் சொல்லும் வாதம், பித்தம், ஐயம் (கபம்) என்ற மூன்றில் முதலாவது இது. 941ஆம் குறளில் வரும் 'வளி'யும் இதுவே. உடலின் அசைவையெல்லாம் நடத்துவது வாதம், அது கெட்டால் அசைவு கெடும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. நம் அண்டை வீட்டு மொழிகளும் இதையே சொல்கின்றன. மலாயில் ஸ்ட்ரோக்குக்கு 'அங்கின் அஹ்மார்' என்று பெயர்: அங்கின் காற்று, அஹ்மார் அரபியில் சிவப்பு. பினாங்கு ஹொக்கியென் மொழியில் 'தியோங் ஹோங்', அதாவது காற்றடித்தது. ஒரே வார்டில் மூன்று கட்டில், மூன்று மொழி, மூன்றிலும் காற்று.

இனி முடக்குவாதம். கிறிஸ்தவர்கள் வாசிக்கும் பைபிளின் புதிய மொழிபெயர்ப்பில் இதற்கு அசைவிழந்த நிலை என்று பொருள். பழைய மொழிபெயர்ப்பு அதையே திமிர்வாதம் என்றது. (திமிர் என்றால் மரத்துப்போதல் என்ற பொருளும் உண்டு.) ஆனால் இன்றைய மருத்துவத் தமிழில் முடக்குவாதம் என்பது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். விரல் மூட்டுகள் வீங்கும், காலையில் விறைக்கும், வலிக்கும். நரம்போ மூளையோ செத்துப்போவதில்லை. கீல்வாதமும் மூட்டு நோய்தான், கீல் என்றால் மூட்டு. "அம்மாவுக்கு முடக்குவாதம்" என்று எழுதினால் படிப்பவர் இரண்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாம். செயலிழப்பைச் சொல்ல இச்சொல்லைத் தவிர்ப்பதே நல்லது.

மற்றவை: முகவாதம் முகத்தின் ஒரு பாதி மட்டும் தொய்வது, இளம்பிள்ளை வாதம் போலியோ, நடுக்குவாதம் பார்க்கின்சன். இரு கால்களும் போனால் பாராப்ளீஜியா. அதற்குப் பக்கவாதம் பொருந்தாது, 'இடுப்புக்குக் கீழே செயலிழப்பு' என்று நேராகச் சொல்லுங்கள். கொஞ்சமாவது அசைத்தால் தளர்ச்சி, அறவே அசையாவிட்டால் செயலிழப்பு. மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் கேட்பார்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொரு குழப்பம். ஸ்ட்ரோக் என்பது மூளை இரத்தக்குழாய் அடைபடுவது அல்லது வெடிப்பது. பக்கவாதம் அதன் ஓர் அடையாளம். நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதால், "கை கால் நல்லாத்தானே இருக்கு, பக்கவாதம் இல்லை" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பேச்சு மட்டும் குழறும், ஒரு பக்கப் பார்வை மட்டும் போகும் ஸ்ட்ரோக்கும் உண்டு. வாய் கோணினால் முகவாதம்தான் என்று தள்ளிப்போடுவதும் ஆபத்து. முகவாதத்தில் அந்தப் பக்கத்து நெற்றியைச் சுருக்க முடியாது, ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் முடியும். அதைப் பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை.

பேச்சுவழக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "இழுத்துக்கிச்சு" என்றால் சிலருக்கு வலிப்பு, சிலருக்குப் பக்கவாதம், "இழுப்பு" என்றால் மூச்சிரைப்பும் ஆகும். "மரத்துப்போச்சு" என்பது உணர்ச்சியைப் பற்றியது, "கை தூக்க வரலை" என்பது அசைவைப் பற்றியது. இரண்டும் இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள்.

மலேசிய அவசர எண் 999-க்கு அழைக்கும்போது நோயின் பெயரைத் தேட வேண்டாம், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். மலாயில்: 'முக்கா செங்கெட்' முகம் கோணியிருக்கிறது, 'செபெலா பாடான் லெமா' உடம்பின் ஒரு பக்கம் பலமில்லை, 'சக்காப் பெலாட்' பேச்சு குழறுகிறது. 'லும்பு' என்றால் செயலிழந்த நிலை. பல வருடமாகப் படுத்த படுக்கையாய் இருப்பவருக்கும் அதே சொல்தான். எனவே 'பாரு' (இப்போதுதான்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதோடு, அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதையும் குறித்து வையுங்கள், கண்டுபிடித்த நேரத்தை அல்ல. இரவு 11 மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை 6 மணிக்கு வாய் கோணி எழுந்தால், சொல்ல வேண்டியது 11 மணி. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.