என் ஓவியத்தை எடுத்துப் போட்டுவிட்டார்கள்: வாசகர் கேள்வி பதில்

ஐபேடில் முருகன் படம் வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். ஒரு பக்கத்தில் என் கையெழுத்தை வெட்டிவிட்டுப் பகிர்ந்திருக்கிறார்கள். அதையே டி-சர்ட்டில் அடித்து ஆன்லைனில் விற்கிறார் இன்னொருவர். முதலில் என்ன செய்வது? (வாசகி, ஈரோடு)

கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அந்தப் பதிவுக்குக் கீழே போய்ச் சண்டை போடாதீர்கள். நீங்கள் கமென்ட் போட்ட கையோடு பதிவை நீக்கிவிட்டு, கணக்கின் பெயரையும் மாற்றிவிடுவார்கள். அப்புறம் உங்களிடம் சாட்சி இருக்காது. முதல் வேலையாகக் கணினியில் திறந்து, இணைய முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி முழுத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பதிவின் லிங்க், கணக்கின் லிங்க் இரண்டையும் தனியாகக் குறித்து வையுங்கள். டி-சர்ட்டில் ஒன்றைக் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள். பில்லும் பார்சல் லேபிளும் விற்பவர் யார், எங்கிருந்து அனுப்புகிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது உங்கள் பக்கத்துச் சான்று. நீங்கள் பதிவிட்ட ஜேபெக் படம் மட்டும் போதாது, அது எடுத்துப் போட்டவரிடமும் இருக்கிறது. லேயர்கள் (அடுக்கடுக்காக வரைந்த பகுதிகள்) கலையாத மூலக்கோப்பு, புரோகிரியேட் போன்ற ஓவியச் செயலி நீங்கள் வரைவதைப் பதிவு செய்த டைம்லாப்ஸ் வீடியோ, பென்சில் வரைவு ஆகியவை உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

பிறகு புகார். 'ஸ்பேம்' என்று தட்டுவதிலோ, நண்பர்கள் ஐம்பது பேரை ரிப்போர்ட் செய்யச் சொல்வதிலோ பயனில்லை. பதிப்புரிமைப் புகாருக்கென்று இன்ஸ்டாகிராமில் தனிப் படிவம் உண்டு. உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் அதை நிரப்ப முடியும். பல புகார்கள் தள்ளுபடியாவது ஒரே இடத்தில்தான்: கணக்கின் லிங்க்கைக் கொடுத்து 'எல்லாம் என் படம்' என்று எழுதுவது. ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் லிங்க்கைக் கொடுங்கள், பக்கத்திலேயே உங்கள் மூலப் பதிவின் லிங்க்கையும் கொடுங்கள். நீங்கள் தரும் பெயரும் மின்னஞ்சலும் எதிர்த்தரப்புக்குப் போகக்கூடும் என்பதால், தொழிலுக்கென்று ஒரு தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது.

படிவமே இல்லாத தளமா? 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதி இதற்குத்தான் இருக்கிறது. எந்தப் படைப்பு, உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம், எந்த முகவரியில் இருக்கிறது என்பதை எழுதி, வழக்குத் தொடுத்து, நோட்டீஸ் கிடைத்த 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைத் தருவதாக உறுதிமொழியும் சேர்த்து அனுப்ப வேண்டும். புகார் சரியென்று பட்டால் தளத்தார் 36 மணி நேரத்துக்குள் படத்தை முடக்கியாக வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் அவர்கள் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அதனால் நோட்டீஸ் போவதற்கு முன்பே வக்கீலைப் பார்த்துவிடுங்கள். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவு இடம் தருகிறது.

'ஓவியருக்கு நன்றி' என்று போட்டுவிட்டால் தப்பில்லை என்கிறார்களே? (வாசகர், மதுரை)

தப்புதான். பெயர் போடுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு. படத்தை விற்று, உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும்கூட, 'வரைந்தது நான்' என்று சொல்லும் உரிமையும், பெயர் கெடும்படி படத்தைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் 57ஆவது பிரிவின்படி ஓவியருக்கே.

சின்ன சைஸில் போட்டால் திருட முடியாதாமே? வாட்டர்மார்க்கை (படத்தின் மேல் மங்கலாகப் போடும் பெயரை) எங்கே வைப்பது? (வாசகி, காரைக்குடி)

1080 பிக்ஸல் அகலப் படத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சடித்தால் 3.6 அங்குலம்தான் வரும். காலண்டருக்கும் புத்தக அட்டைக்கும் ஆகாது. ஃபிளெக்ஸ் பேனர் கதை வேறு. தூரத்திலிருந்து பார்ப்பது என்பதால் 72 டிபிஐயே அதற்குப் போதும், அதே படம் 15 அங்குலத்துக்கு விரிந்துவிடும். மென்பொருளில் பெரிதாக்கினால் திருவிழா வளைவுக்கே போய்விடும். சைஸைக் குறைப்பது பாதி வேலைதான்.

மூலையில் போட்ட கையெழுத்தை ஒரே வெட்டில் எடுத்துவிடலாம். வெற்று வானத்தின் மேல் போட்ட வாட்டர்மார்க்கை இன்றைய போன்களே அழித்துவிடும். நகை, கூந்தல், சேலை மடிப்பு என்று கோடுகள் நெருங்கிய இடத்தில், 25 சதவீத அடர்த்தியில் (ஒபாசிட்டி) போடுங்கள். அதை அழிக்கப் போனால் கோடும் சேர்ந்து உடையும். இன்னொன்று: நான்கு ஓரத்திலும் கொஞ்சம் வெட்டிவிட்டே பதிவிடுங்கள். 'நான்தான் வரைந்தேன்' என்று யாராவது கிளம்பினால், மயில் தோகையின் மிச்சத்தைக் காட்டச் சொல்லலாம்! கோப்புக்குள் எழுதி வைக்கும் பெயர், தேதி விவரங்களை மட்டும் நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலே அவை உதிர்ந்துவிடும்.

ஆர்டர் வாங்கி வரைந்து கொடுத்த படத்தை வாடிக்கையாளர் பிரிண்ட் போட்டு விற்கிறார். கேட்க முடியுமா? (வாசகர், கும்பகோணம்)

பலர் ஏமாறுவது இங்கேதான். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. எனவே இந்தப் படத்துக்கு உங்கள் பிடி தளர்ந்தது. அடுத்த ஆர்டருக்கு முன்பணம் வாங்கும்போதே, 'பதிப்புரிமை ஓவியருக்கே. வீட்டில் மாட்டவும் தன் பக்கத்தில் பகிரவும் மட்டுமே அனுமதி' என்று எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிப்புரிமையை அரசிடம் பதிவு செய்தால்தான் உரிமையா? (வாசகி, சேலம்)

இல்லை, வரைந்ததுமே உரிமை வந்துவிடும். ஆனால் வழக்கென்று வந்தால் பதிவுச் சான்றிதழ் பலமான ஆதாரம். ஓவியம் ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய், பொருள்கள் மீது பயன்படுத்தும் படமென்றால் 2,000. யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருக்க வேண்டும். எல்லாப் படத்துக்கும் செலவழிக்காமல், விற்பனைக்குப் போகும் படங்களை மட்டும் பதிவு செய்யுங்கள்.