ஒற்றைக் கதவு

அன்புள்ள ஐயா,

குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நெல்லை கலெக்டர் ஆஷ் கொலை, மணியாச்சி, 17 ஜூன் 1911 என்று நூறு முறை எழுதிப் பார்த்தாயிற்று. ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. வாஞ்சிநாதன் தப்பிக்க ஏதாவது திட்டம் வைத்திருந்தாரா? மணியாச்சியிலிருந்து நெல்லை, தூத்துக்குடி, மதுரை என்று மூன்று பக்கமும் தண்டவாளம் போகிறது. போட் மெயில் வரும்வரை பொறுத்திருந்தால் கூட்டத்தோடு கலந்திருக்கலாம். கூட வந்தவர் ஓடித் தப்பினார். இவர் ஏன் பிளாட்பாரக் கக்கூசுக்குள் போய் மாட்டிக்கொண்டார்? கொஞ்சம் யோசித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று தோன்றுகிறது. வரைபடம் ஒன்று போட்டு இணைத்திருக்கிறேன். துப்பாக்கி எந்த நாட்டுடையது, ஆஷைக் கொன்றதற்குச் சாதிதான் காரணமா என்பதையும் சொல்லுங்கள்.

ச., ஊத்தங்கரை

அன்புள்ள ச.,

கடைசி இரண்டை முதலில் முடித்துவிடுகிறேன். துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். பிரசவ வலியில் இருந்த தலித் பெண்ணை ஆஷ் அக்கிரகாரம் வழியாகக் கூட்டிப்போனார் என்ற கதை வாட்சப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அதற்கு அந்தக் காலத்துச் சான்று எதையும் யாரும் காட்டியதில்லை. அதற்காக, வாஞ்சியின் கடிதத்தில் சனாதன தர்மமும் மிலேச்சனும் வருவதை, ஐந்தாம் ஜார்ஜைப் ‘பஞ்சமன்’ என்று எழுதியிருப்பதை, மூடி மறைக்கவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரைபடம். கலர் பேனா, அம்புக்குறி எல்லாம் போட்டு அழகாகத்தான் வரைந்திருக்கிறீர்கள். பார்த்ததும் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் கோபமும் வந்தது. மணியாச்சியை சென்னை சென்ட்ரல் என்று நினைத்துவிட்டீர்களா? நம் மொரப்பூரை நினைத்துக்கொள்ளுங்கள். தருமபுரிக்கு மாறிப்போகும் சின்ன ரயில் ஓடிய காலத்து மொரப்பூர். வண்டி மாறுவதற்காகவே இருக்கிற ஸ்டேஷன், சுற்றிலும் பொட்டல். அப்படிப்பட்ட இடத்தில் கலெக்டரைச் சுட்டுவிட்டு எந்தக் கூட்டத்தில் போய்க் கலப்பது?

மெயில் 10.48க்கு வரவேண்டும். ஆஷும் மனைவியும் நெல்லையிலிருந்து வந்து, முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து அதற்காகக் காத்திருக்கிறார்கள். வண்டி நிற்கிறது, ஆள் நடமாட்டம் குறைவு. சுடுவதற்கு அதைவிட வாய்ப்பான நேரம் கிடையாது, ஓடுவதற்கு அதைவிட மோசமான நேரமும் கிடையாது. எது முக்கியம் என்று அவர் எப்போதோ முடிவு பண்ணிவிட்டார்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சட்டைப் பையைப் பாருங்கள் தம்பி. வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு அந்தப் பையை மட்டும் பாருங்கள். உள்ளே கடிதம் இருக்கிறது. ஏன் சுட்டேன் என்று எழுதி, கீழே தன் பேரும் செங்கோட்டை என்று ஊரும் போட்ட கடிதம். தப்பித்துப் போக நினைக்கிறவன் விலாசத்தைப் பையில் வைத்துக்கொண்டு வருவானா? ஊருக்குச் சேதி தெரிந்தால் போதும் என்றால் தபாலில் போட்டிருக்கலாம், யார் கையிலாவது கொடுத்திருக்கலாம். லிங்கனைச் சுட்ட பூத் அதைத்தான் செய்தான். கடிதத்தை ஒரு நடிகனிடம் கொடுத்துவிட்டு, நாடகக் கொட்டகையின் பின்சந்தில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வைத்தான். அதற்குப் பேர் திட்டம். வாஞ்சியின் கடிதமோ அவர் உடம்பிலிருந்து எடுக்கப்படுவதற்காக எழுதியது. எடுக்கும்போது அவர் பேசும் நிலையில் இருக்கமாட்டார் என்று தெரிந்து எழுதியது. இரண்டு வருஷம் முன்னால் லண்டனில் கர்சன் வைலி என்ற ஆங்கிலேய அதிகாரியைச் சுட்ட மதன்லால் திங்ராவும் பையில் வாக்குமூலத்தோடுதான் போனார். தன்னையும் சுட்டுக்கொள்ளப் பார்த்தார், அதற்குள் பிடித்துவிட்டார்கள்.

சரி, சாகத்தான் வந்தார் என்றால் பிளாட்பாரத்தில் ஏன் ஓடினார்? நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். கேட்கவில்லை.

எனக்குப் பதிமூன்று வயதில் காவேரிப்பட்டணம் பக்கம் மாமா ஊருக்குக் கோடை லீவுக்குப் போவேன். ஒருநாள் மூன்று பேராகப் பக்கத்துத் தோப்பில் மாங்காய் பறிக்கப் போனோம். காவல்காரர் சத்தம் போட்டதும் மற்ற இரண்டு பேரும் கடலைக் கொல்லை வழியாக ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள். நான் நேராக மோட்டார் கொட்டாய்க்குள் போனேன். அதற்கு ஒரே கதவு, ஜன்னல்கூட இல்லை. தினமும் குளிக்கப் போகிற கொட்டாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். ஆயில் நாற்றம், மோட்டார் இரைச்சல், கையில் இன்னும் இரண்டு மாங்காய். காவல்காரர் உள்ளே வரக்கூட இல்லை. வாசலில் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டு, ஆள் அனுப்பி மாமாவை வரச் சொன்னார்.

மாமா மாங்காயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “ஏன்டா, ஓடறவன் ரோட்டுப் பக்கம் ஓடாம இதுக்குள்ள ஏன்டா வந்த?” என்றுதான் கேட்டார். சாகும்வரை, எப்போது பார்த்தாலும் அதைக் கேட்டுச் சிரிப்பார். இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. கால் போயிற்று, நானும் கூடப் போனேன். வாஞ்சியோடு என்னை ஒப்பிடுகிறான் பார் என்று யாராவது எழுதுவார்கள், எழுதட்டும். இருபத்தைந்து வயசு உடம்பு ஓடியது, சுவரும் கதவும் உள்ள ஓர் இடத்தைத் தேடிப் போயிற்று என்று மட்டும்தான் சொல்கிறேன். உள்ளே போனபிறகு, முன்பே எடுத்த முடிவு அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். துப்பாக்கியை வாய்க்குள் வைத்துச் சுட்டுக்கொண்டார்.

அவ்வளவு திட்டம் போட்ட பூத்தும் கால் எலும்பு முறிந்து, பன்னிரண்டாம் நாள் வர்ஜீனியாவில் ஒரு புகையிலைக் கொட்டாய்க்குள்தான் சிக்கினான். கூட வந்தவர் தப்பினார் என்கிறீர்களே, எத்தனை நாளைக்கு? அந்த வழக்கில் 14 பேரைக் கூண்டில் ஏற்றினார்கள். வாஞ்சி சேர்ந்திருந்த ரகசியச் சங்கத்தின் தலைவர், அன்று மணியாச்சிப் பக்கமே போகாத நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம்.

போன ஆடியில் பாப்பாரப்பட்டிக்கு, சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் போயிருந்தேன். அன்றிலிருந்தே இதெல்லாம் மனசில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 1908ல் தூத்துக்குடியில் ஆஷ் அதிகாரியாக இருந்தபோதுதான் வ.உ.சி.யும் சிவாவும் சிறைக்குப் போனார்கள். சிவா வெளியே வந்தது தொழுநோயோடு. ரயிலில் ஏறக்கூடாது என்று தடை போட்டார்கள். அந்தப் புண்காலோடு நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலை 23 அன்று நம் பாப்பாரப்பட்டியில் இறந்தார். அவர் எந்த வழியாக வந்தார் என்று வரைபடம் போட்டு இதுவரை ஒருவரும் எனக்கு அனுப்பியதில்லை.

தேர்வு முடிந்ததும் வாருங்கள். தருமபுரி வரை வந்துவிட்டால் அங்கிருந்து பாப்பாரப்பட்டிக்கு பஸ் இருக்கிறது, சேர்ந்தே போகலாம். படத்தையும் கொண்டுவாருங்கள். மூன்று லைன், சிக்னல், வெயிட்டிங் ரூம் எல்லாம் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கக்கூசை மட்டும் காணோம்.