நாய் சுவர்ப்பூச்சு, சிமென்ட், பசை என்று எதையாவது தின்றுவிட்டால் என்ன செய்வது? உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், யார் சொல்லியிருந்தாலும் சரி. ரத்தத்தில் சோடியம் ஏறினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். அதோடு, தின்றது ஈரச் சிமென்ட், சுண்ணாம்பு மாதிரி அரிக்கிற பொருள் என்றால், உள்ளே போகும்போது சுட்ட தொண்டையை வெளியே வரும்போது மறுபடியும் சுடும். பெயின்ட் கரைக்கிற தின்னர், டர்பென்டைன் என்றால் வாந்தி எடுக்கும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். வாந்தி தேவையா என்பதைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் எதைத் தின்றது என்று பாருங்கள். எங்கள் நாய் ஜிப்சம் போர்டின் ஓரத்தைக் கடித்துத் தின்றபோது மருத்துவர் பதறவே இல்லை. காய்ந்த ஜிப்சம் கொஞ்சம் உள்ளே போனால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு சரி. இன்னும் தண்ணீர் கலக்காத பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூளை நிறையத் தின்றிருந்தால் கதை வேறு. அது வயிற்றுக்குள்ளேயே இறுகும்.

எனக்கு மிகவும் பயம் பாலியூரித்தேன் பசைதான், அந்த நுரைத்து விரிகிற வகை. சுவையும் பிடிக்கிறதோ என்னவோ, டியூபையே கடித்துக் குதறும் நாய்கள் உண்டு. லேபிளில் டைஐசோசயனேட் என்று இருக்கும். கொஞ்சம் போனாலே போதும், வயிற்று ஈரத்தில் பல மடங்கு உப்பிக் கெட்டியாகி, வழியை அடைத்துவிடும். அப்புறம் அறுவை சிகிச்சைதான். இதற்கும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உணவுக்குழாயிலேயே சிக்கி விரியலாம். வால் ஆட்டிக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

பழைய வீட்டில் உரிந்த பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை கேளுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள ஆணி, திருகு போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

வாயிலும் பாதத்திலும் ஈரச் சிமென்ட் ஒட்டியிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் நக்கியே மிச்சத்தையும் தின்னும். டப்பாவையும், கடித்துப் போட்ட துண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எப்போது தின்றது, நாயின் எடை என்ன, இந்த இரண்டையும் தொலைபேசியிலேயே கேட்பார்கள்.

“வீட்டில் வைத்துப் பாருங்கள்” என்று அனுப்பிவிட்டால், திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டில் முகம் வைக்காதது, மலம் போகாமல் முக்குவது, வயிற்றைத் தொட்டால் சிணுங்குவது இதில் எது வந்தாலும் மறுபடி தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

குட்டி என்றால் பல் முளைக்கிற நமைச்சலாக இருக்கலாம். வளர்ந்த நாய் திடீரென்று சுவரையே தின்ன ஆரம்பித்தால் திட்டுவதற்கு முன் ரத்தச்சோகை, குடல் நோய் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.