பாலிஷ் போட்ட கல்லை வெள்ளியில பதிக்க வீட்லயே கத்துக்க முடியுமா? மூணு கல்லு உடைஞ்சிருச்சு, எனக்குக் கை வராதா?

மூணு கல்லு உடைஞ்சிருச்சுன்னு படிச்சதுக்கப்புறம் பதில் எழுதாம போக மனசு வரல. எனக்கும் ஒரு கல்லு உடைஞ்சுது, அது உடைஞ்சப்ப வந்த 'டிக்' சத்தம் இன்னைக்கும் காதுல இருக்கு.

நீங்க அநேகமா வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி வீடியோ பார்த்துக் கத்துக்கறீங்க, ஆன்லைன்ல ஒரு சின்ன கேஸ் டார்ச், கல்லைச் சுத்திப் பிடிக்கற வெள்ளிப் பட்டி, கொஞ்சம் கல்லு வாங்கியிருப்பீங்க, எல்லாம் நல்லா வந்து கடைசியா பட்டியை கல்லு மேல மடக்கி அமுக்கும்போது உடைஞ்சிருக்கும். சரியா? அப்படின்னா கை வராம இல்ல. அமுக்கும்போதுதான் உடையுது, ஆனா அதுக்கான காரணம் ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ள உட்கார்ந்திருக்கும்.

என் கதையைச் சொல்றேன். என் அத்தை காங்கேயம். அந்தப் பக்கம் மூன் ஸ்டோன் கிடைக்கும்னு நிறைய பேருக்குத் தெரியும், பக்கத்துல படியூர்ல அந்தக் காலத்துல பெரில்ங்கற கடல்பச்சைக் கல் எடுத்து ரோம் வரைக்கும் போயிருக்கு, கொடுமணல்ல தோண்டினப்போ கல்லுமணி செஞ்ச பட்டறையே கிடைச்சிருக்கு. அதனால எங்க ஊர்ப்பக்கம் கல்லுன்னா எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. மாமா கல்லு பாலிஷ் வேலையில இருந்தவர். அவர் தன் கையால தேய்ச்ச ஒரு மூன் ஸ்டோன், நீள்வட்டம், 14க்கு 10 மில்லிமீட்டர், திருப்பினா உள்ள நீல வெளிச்சம் நகரும். மாமா தவறினதுக்கு அப்புறம் அத்தை அதை ஒரு மாத்திரை டப்பாவுல பஞ்சு வச்சு எடுத்துட்டு வந்து, "கண்ணு, நீதான் இப்ப இந்த வேலை பண்றியாமே, எனக்கு ஒரு மோதரம் பண்ணிக்குடு"ன்னு கேட்டாங்க. நான் அப்ப கத்துக்க ஆரம்பிச்சு ஏழு மாசம்தான், இருந்தாலும் சரின்னுட்டேன்.

பட்டி வெட்டுனேன், ரெண்டு முனையும் சேர்த்துப் பத்த வச்சேன் (அதாவது சோல்டர்ங்கற ஒட்டு உலோகத்தை உருக்கி ஒட்டினேன்), அடித்தகட்டுல வச்சு மறுபடி பத்த வச்சேன், படிகாரத் தண்ணியில போட்டு சூட்டுக் கருப்பை எடுத்தேன், கல்லை வச்சேன், வச்ச உடனே சின்னதா ஒரு ஆட்டம் இருந்துச்சு, பட்டியை மடக்கினா நின்னுடும்னு நினைச்சு ஒரு பக்கம் அமுக்கினேன், மறுபக்கம் லேசா தூக்குச்சு, அதையும் அமுக்கினேன். டிக். குறுக்கால வெள்ளைக் கோடு. நீல வெளிச்சம் அந்தக் கோட்டோட நின்னு போச்சு. நான் அன்னைக்கு சாப்பிடல.

மறுநாள் அதை எடுத்துக்கிட்டு கோயமுத்தூர்ல ஒரு வெள்ளிப் பட்டறை ஆசாரிகிட்ட போனேன், எழுபது வயசு இருக்கும். அவர் என்னை ஒண்ணும் கேக்கல. கல்லை வெளிய எடுத்துட்டு, பட்டியும் அடித்தகடும் சேர்ந்த கிண்ணத்துக்குள்ள லென்ஸ் வச்சுப் பார்த்தார், சாமணம் முனையால உள்மூலையைத் தொட்டுக் காட்டி, "அம்மிணி, இங்க பாரு, பத்த வெச்சது வழிஞ்சு கடுகு மாதிரி நிக்குது, கல்லு இது மேல உக்காந்திருக்குது, நீ ஒரு பக்கம் அமுக்குனா அது ஏத்தம் மாதிரி ஆடாம என்ன பண்ணும்"னாரு. அப்புறம், "பட்டி ஒசரமும் ஜாஸ்தி"ன்னாரு. அவ்வளவுதான். அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு பதினோரு சனிக்கிழமை உட்கார்ந்தேன்.

மூன் ஸ்டோன் கெட்டித்தன்மையில, வைரத்துக்கு 10 போடற மோஸ் அளவுல, 6ல இருந்து 6.5 தான், அதைவிட முக்கியம், அதுக்குள்ள ரெண்டு திசையில இயற்கையாவே பிளவு ஓடும், கல்லுக்குக் கீழ தளம் சமமா இல்லாம ஒரு இடத்துல அழுத்தம் விழுந்தா அந்தத் திசையிலயே பொளந்துக்கும். உங்க கல்லு என்னன்னு சொல்லல. அகேட்டா இருந்தா இவ்வளவு சுலபமா உடையாது, லேப்ரடோரைட், மூன் ஸ்டோன், ஓபல் இதெல்லாம்னா உடையும்.

அளவுக்கு வர்றேன். வட்டக் கல்லுன்னா விட்டத்தோட பட்டி கனத்தைக் கூட்டி 3.14ஆல பெருக்கணும். 12 மில்லிமீட்டர் கல்லு, 0.3 கனம்னா 38.6 வரும். நிறைய பேர் கனத்தைக் கூட்ட மறந்துடறாங்க, பட்டி இறுக்கமாயிடும், கல்லைத் திணிப்பாங்க. நீள்வட்டத்துக்குக் கணக்கு வேண்டாம், பட்டியை கல்லைச் சுத்தியே வளைச்சுக் கோடு போட்டுக்குங்க. முனை ரெண்டும் சேர்ற இடத்துல வெளிச்சம் தெரியக் கூடாது, சோல்டர் இடைவெளியை அடைக்கவே அடைக்காது. அந்த ஜாயிண்டுக்கு அதிகச் சூட்டுல உருகற ஹார்ட் சோல்டர், அடித்தகட்டுக்கு அதைவிடக் குறைஞ்ச சூட்டுல உருகற மீடியம், அப்பதான் ரெண்டாவது சூட்டுல முதல் ஜாயிண்ட் பிரியாது. தீயை பட்டி மேல காட்டாதீங்க, மெலிசு, சுருண்டுடும், தகட்டைச் சுத்திக் காட்டுங்க, சூடு எங்கயோ அங்கதான் சோல்டர் ஓடும்.

பட்டியோட ஒசரம்: கல்லோட பக்கம் உள்பக்கமா வளைய ஆரம்பிக்கற இடத்தைக் கொஞ்சம் தாண்டினா போதும். அத்தை கல்லு 5 மில்லிமீட்டர் ஒசரம், அதுக்கு ரெண்டு, ரெண்டரை போதும், நான் மூணரை வச்சிருந்தேன். மிச்ச வெள்ளி போக இடமில்லாம மடிப்பு விழும், மடிப்பைத் தேய்க்க நாம இன்னும் பலமா அமுக்குவோம்.

கல்லை வச்சுப் பார்க்கும்போது அடியில பல் இடுக்கு சுத்தம் பண்ற நூலைக் குறுக்கால போட்டுட்டு வைங்க, இழுத்தா கல்லு வெளிய வந்துடும். ஆசாரி தேன்மெழுகை ஒரு குச்சி நுனியில உருட்டி வச்சிருப்பார், அதுல ஒட்டி எடுப்பார். ஆடுச்சுன்னா அங்கயே நிறுத்தி உள்மூலையைச் சுரண்டுங்க. ஆடலைன்னா மட்டும் அமுக்கணும், கடிகாரத்துல பன்னெண்டு, அப்புறம் ஆறு, மூணு, ஒன்பது, அப்புறம் இடையில. ஒரே பக்கமா சுத்திட்டு வந்தா கடைசியில வெள்ளி மொத்தமும் ஒரு இடத்துல குவிஞ்சிடும்.

இதைப் படிச்சிட்டு ஒருத்தர் வந்து, குலத்தொழிலா இல்லாதவங்களுக்கு இது வராதும்பாங்க. எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசாரியே அந்தக் குலத்தொழில் குடும்பத்துல பிறந்தவர்தான், சொல்லிக்கொடுக்க அவருக்கே இல்லாத தடை உங்களுக்கு எதுக்கு? இன்னொருத்தர், 999ங்கற சுத்த வெள்ளி மிருது, தேஞ்சுடும்பாங்க. பட்டி மட்டும்தான் 999, அது மிருதுவா மடங்கும், மடக்கினா திரும்பி எழும்பாது, அடித்தகடும் மோதர வளையமும் கொஞ்சம் வேற உலோகம் கலந்த, கெட்டியான 925லதான் பண்றேன். ரெடிமேட் கப்பு கிடைக்குதேம்பாங்க. கிடைக்குது, ஆனா கையால தேய்ச்ச கல்லு எந்தக் கப்புக்கும் சரியா உட்காராது. மூடின அடியே தப்பு, கல்லு தோலைத் தொடணும்னு ராசிக்கல் போடறவங்க சொல்வாங்க, அவங்களுக்கு அடித்தகட்டுல ஓட்டை போட்டுக் குடுக்கறேன். நாகர்கோவில் வடசேரி கோயில் நகையில கெம்புக்கல்லை அடி மூடித்தான் காலங்காலமா பதிக்கறாங்க, அது பொய் வேலையா?

கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன், மனசுல கிடக்குது. எங்க அபார்ட்மெண்ட்ல பால்கனியில டார்ச் எரியக் கூடாதுன்னு மீட்டிங் போட்டு நோட்டீஸ் ஒட்டினாங்க. சின்ன கேஸ் கேன், கீழ செங்கல், பக்கத்துல மணல் வாளி, எல்லாம் காட்டினேன். அதே பில்டிங்ல தீபாவளிக்குக் கார் பார்க்கிங்ல பத்தாயிரம் வாலா வெடிச்சாங்க, என் அம்மா ஆஸ்துமாவோட கதவு ஜன்னலை மூடிட்டு உட்கார்ந்திருந்தாங்க, அதுக்கு ஒரு நோட்டீஸும் இல்ல. ஒரு பொம்பளை தன் பால்கனியில நெருப்பு வச்சு சம்பாதிக்கறதுதான் கண்ணை உறுத்துது. இப்ப வாடகைக்கு ஒரு சின்ன ரூம் எடுத்துத்தான் வேலை பார்க்கறேன்.

அத்தை கல்லைக் கேட்டீங்கன்னா, உடைஞ்சதைச் சொன்னேன், அவங்க கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் உடைஞ்சதையே கட்டிக்குடுன்னாங்க. பதினோரு சனிக்கிழமை முடிஞ்சு அந்த ரெண்டு துண்டையும் சேர்த்து வச்சு புதுசா பட்டி கட்டுனேன். கோடு தெரியும். போட்டுட்டுதான் இருக்காங்க.

நீங்க நாலாவது கல்லுக்கு சும்மா ஒரு கண்ணாடிக் கல்லை எடுத்துக்குங்க. கிண்ணம் ரெடியானதும் அமுக்காதீங்க, லென்ஸ் வச்சு உள்மூலையைப் பாருங்க, கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, நான் பார்த்துட்டு சொல்றேன்.