நீதிமன்றத்தின் காதில் எது விழும்?

அன்புள்ள அண்ணா,

சட்டம் தன் விதிகளாலேயே இயங்கும் மூடிய அமைப்பு என்கிறார் ஜெர்மானிய சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன். ஆனால் நம் மலேசியாவில் பிரதமரின் ஆலோசனைப்படிதான் மாமன்னர் உயர் நீதிபதிகளை நியமிக்கிறார். அப்படியென்றால் இந்தக் கோட்பாடு ஏட்டுச்சுரைக்காய்தானே? லூமனை எந்த நூலில் தொடங்கலாம்?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

சுங்கை சிப்புட்டிலிருந்து லூமனைப் பற்றிக் கடிதம்! படித்ததும் அவ்வளவு சந்தோஷம். அதற்காகத் திட்டாமல் விட முடியாது. மூடியது என்றால் வெளிக்காற்றே படாதது என்று யார் சொன்னது? அரசியலிலிருந்து ஆள் வரும், நெருக்கடி வரும். ஆனால் 'பிரதமர் விரும்புகிறார், ஆகவே' என்று தீர்ப்பு எழுத முடியாது. அவருக்கு வேண்டியவரே எழுதினாலும் ஒரு சட்டப்பிரிவைத் தேடியாக வேண்டும். நியமனம் பற்றி இவ்வளவு போதும்.

என்னை உறுத்துவது வேறு. நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியபோது, லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்கள். தாத்தா காடு வெட்டியதை, கோயில் கட்டியதை எல்லாம் சொல்லப் பாட்டி தயாராகப் போனாள். அங்கே கேட்டது ஒன்றுதான்: நிலப்பட்டா யார் பெயரில்? நீதிபதி பாவி என்று சாகும்வரை சபித்தாள். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்? பாட்டியின் கதை சட்டத்தின் காதில் விழாது.

சட்டத்தை மட்டும் கேட்கும் அதே காதுதான் இந்திரா காந்தியைக் காப்பாற்றியது. இந்தியப் பிரதமரைச் சொல்லவில்லை, நம் ஊர் இந்திரா காந்தி. ஈப்போவின் அந்தப் பாலர்பள்ளி ஆசிரியைக்குத் தெரியாமல், 2009இல் கணவர் மூன்று பிள்ளைகளையும் இஸ்லாத்துக்கு மதம் மாற்றினார். இஸ்லாமியச் சட்டப்படி இயங்கும் ஷரியா நீதிமன்ற விவகாரங்களில் சிவில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று 1988இலேயே அரசியலமைப்பில் 121(1A) என்ற பிரிவைச் சேர்த்திருந்தார்கள். அதே திருத்தத்தில், நீதியதிகாரம் நீதிமன்றங்களுடையது என்ற வரியையும் எடுத்துவிட்டார்கள். கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். 2018இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் என்ன சொன்னது? மதமாற்றத்துக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். அரசின் செயலைச் சீராய்வு செய்யும் அதிகாரத்தை எந்தத் திருத்தமும் பறிக்க முடியாது. நாடாளுமன்றம் வரியை மாற்றலாம், தம்பி. மாற்றிய வரிக்கு என்ன பொருள் என்பதை நீதிமன்றம்தான் சொல்லும். நீங்கள் குறை சொல்லும் அதே முறையில் நியமனமான நீதிபதிகள்தான் இதைச் சொன்னார்கள்!

ஆனால் கைக்குழந்தையாகத் தந்தை தூக்கிப்போன கடைசி மகள், அந்தத் தீர்ப்பு வந்த நாளிலும் தாயிடம் வந்து சேரவில்லை. தந்தையைப் பிடிக்கச் சொல்லி 2016இலேயே அதே நீதிமன்றம் போலீசுக்கு உத்தரவு போட்டிருந்தது. தேடிப் பிடிப்பது போலீசின் வேலை. நீதிபதி இறங்கிப் போய்த் தேட முடியாது. அந்தத் தாயிடம் போய் 'மூடிய அமைப்பு' என்று விளக்கம் சொல்ல எனக்கு வாய் வராது.

நூல் கேட்டீர்களே? 121ஆம் பிரிவின் பழைய வடிவத்தையும் 1988 திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அப்புறம் 2018 தீர்ப்பு. லூமன் எங்கும் ஓடிவிட மாட்டார்.